தண்ணீரைத் தட்டுகிறவள்

வீட்டை விற்றோம். காரை அவன் எடுத்துக்கொண்டான்,
உறைபெட்டியை நான்.
நாய்க்காக ஒரு மாதம் மல்லுக்கட்டினோம்;
கடைசியில் நாயே முடிவெடுத்து என் பின்னால் வந்தது.
படகை மட்டும் பாதியாக்க முடியவில்லை.
ஆகையால் செவ்வாய் இரவுகளில்
திஸா ஆற்றின் மேல்
நானும் போல்டிஷாரும்.

கெண்டைக்கு ஒருவர் போதும்.
மக்காச்சோளத்தை முதல் நாளே ஊறப்போட்டு
நகம் பட்டால் நசுங்கும் பதத்தில் வேகவிட்டு
ஒரே இடத்தில் இரண்டு கை தூவி,
தூண்டிலில் மணியைக் கட்டிவிட்டுத் தூங்கலாம்.
சுக்காவுக்கும் ஒருவர் போதும்.
அக்டோபரில், அல்லி இலை அழுகும் ஓரங்களில்
தகட்டை இழுத்து, நிறுத்தி, இழுத்து.
முனையில் எஃகுக் கம்பி கட்டாதவன்
தகட்டையும் இழப்பான், பேச்சையும் இழப்பான்.
சுல்லோ கூச்சக்காரன், இருட்டியபின் வருவான்.
கவ்வியதும் வெட்டினால் போயிற்று;
ஒரு சிகரெட் பற்றவைக்கும் நேரம்
நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும்.
(விட்டுக்கொடுப்பதைப் பற்றி
இந்த மீனை வைத்துத்தான் அவன் எனக்குப் பாடம் எடுப்பான்.
நான் அவனுக்குச் சுக்காவின் பல்லை வைத்து.)

பெருங்கெளுத்திக்கு இரண்டு பேர்.
ஒருவர் துடுப்பில், ஒழுக்கோடு படகு
குறுக்காகவே நழுவும்படி.
ஒருவர் கட்டையில்.

கட்டை என்றால் வால்நட் மரத்தில் வளைந்த பிடி,
அடியில் நாணய அகலத்துக்கு ஒரு தட்டை.
தண்ணீரை அடிக்கக் கூடாது.
கிழித்து இறங்கி, பின்னால் ஒரு காற்றுக்குழியை
இழுத்து வர வேண்டும்:
களுக்.
நான்கு தட்டு. பேசாமல் இருப்பது. ஐந்து தட்டு.
போல்டிஷாருக்குச் சளக் என்றுதான் வரும்,
பாத்திரம் கழுவுகிறவன் போல.

கெளுத்தி ஏன் எழுந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது.
இன்னொரு கெளுத்தி இரை விழுங்கும் சத்தம் என்பான்
பாலத்தடிப் புழுக்கடைக்கார கெல்லேர்ட்.
அவன் மனைவி சொல்வாள்: பசியாவது மண்ணாவது, கோபம்.
யார் என் கூரைமேல் என்று பார்க்க வருகிறது.

ஆகஸ்டின் இரண்டாம் செவ்வாய்.
ஒன்பது மீட்டர் மடு. நான்கு மீட்டரில்
கொத்தாய்த் தொங்கும் மண்புழுக்கள்.
அவன் எதையோ சொல்ல வந்திருந்தான்;
துடுப்பு போகும் விதத்திலேயே தெரிந்தது.
"கிராட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது, எமெஷெ.
என் பாதியை நீயே வைத்துக்கொள்."
களுக். களுக். களுக். களுக்.

அப்போது திரையில்
அடியிலிருந்து ஒரு கோடு பிரிந்து
சாய்வாய் மேலே ஏறியது.
எட்டு. ஆறு. நாலரை.
புழுக்களுக்குக் கீழே வந்து நின்றது.
அவன் துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்திருந்தான்,
ஒரு சொட்டு விழவில்லை.
"இரு" என்றான்.
"தெரியும்" என்றேன்.

கோல் வளைந்ததும் கட்டையைப் போட்டுவிட்டேன்,
அது அவன் முழங்காலில் பட்டது. கத்தவில்லை.
படகு திரும்பி எதிரொழுக்கில் போகத் தொடங்கியது.
நாங்கள் கிளம்பிய வில்லோ மரத்தைத் தாண்டி,
மணல் தோண்டும் இயந்திரத்தைத் தாண்டி,
மோட்டார் இல்லாமல், மெதுவாக,
யாரோ எங்களைக் கைப்பிடித்து அழைத்துப்போவது போல.
அரைமணி நேரம் இருக்கும்.
பிறகு நரம்பு தளர்ந்தது.
கொக்கியில் ஒரு புழு அப்படியே இருந்தது.

பதிவேட்டில் தேதி, இடம் எழுதினான்.
எடை என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது.

கரைக்கு வரும்போது எதிரே ஒரு கிழப்படகு.
ஒருவர் மட்டும். இடக்கையில் துடுப்பு,
வலக்கையில் கட்டை, வாயில் சூரியகாந்தி விதை.
எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.
எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.
இரண்டு பேர் வேண்டும் என்பது
பதினோரு வருடத்தில் நாங்கள் இருவரும்
சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே பொய்.

கிழவருக்குக் கையசைத்தோம்.
அவருக்குக் கை ஒழியவில்லை;
தலையை மட்டும் ஆட்டிவிட்டு
களுக் என்றார்.